கட்டுப் போட்ட முதல் இரவு

பள்ளி விடுமுறைக் காலத்தில் எங்கள் எலும்பு முறிவுப் பிரிவின் புறநோயாளர் வரிசையில் பெரியவர்களுக்கு இணையாகச் சிறுவர்களும் அமர்ந்திருப்பார்கள். மிதிவண்டியிலிருந்து விழுந்தவன், மாமரத்திலிருந்து வழுக்கியவள், மாடிப்படியில் தடுக்கியவன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. விழும்போது கையை ஊன்றிக்கொள்வது மனித இயல்பு. ஆகவே குழந்தைகளுக்கு மிக அடிக்கடி முறிவது மணிக்கட்டை ஒட்டிய முன்கை எலும்பே.

குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயும், பக்கத்தில் நிற்கும் தந்தையும் எங்களிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்பது ஒன்று. எத்தனை நாளில் சரியாகும் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றைவிட முக்கியமான மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. "இன்றிரவு நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?" என்பதே அது. அதைக் கேட்பவர் மிகச் சிலர். கேட்கப்படாவிட்டாலும் நாங்களாகவே முன்வந்து சொல்ல வேண்டிய விடை அது. நெரிசல் மிகுந்த நாட்களில் அதைச் சொல்லத் தவறுகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குறையை ஓரளவேனும் தீர்ப்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

முதலில் ஆறுதலான செய்தியைச் சொல்லிவிடுகிறோம். குழந்தையின் எலும்பு வளர்ந்தவரின் எலும்பைப் போன்றதன்று. காய்ந்த சுள்ளியை வளைத்தால் மடாரென்று இரண்டாகும். பச்சைக் குச்சியை வளைத்தால் ஒரு புறம் நார் பிரியும். மறு புறம் வளைந்து நிற்கும். குழந்தையின் எலும்பும் அவ்வாறே பாதி முறிந்து பாதி வளைவதுண்டு. இதனைப் பசுங்கொம்பு முறிவு என்கிறோம். இதனினும் எளியது புடைப்பு முறிவு. இதில் எலும்பு துண்டாவதில்லை. அதன் ஓரம் நசுங்கிச் சற்றே புடைத்துக்கொள்கிறது. குழந்தையின் எலும்பைச் சுற்றியுள்ள உறை தடிப்பானது. முறிந்த பகுதியை அது ஓர் உள்கட்டுப் போலப் பிடித்துக்கொள்கிறது. புது எலும்பை விரைவாக உண்டாக்குவதும் அந்த உறையே.

ஆகவே புடைப்பு முறிவு ஏறத்தாழ 3 வாரங்களில் ஆறிவிடும். பசுங்கொம்பு முறிவுக்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்த குழந்தைக்குப் பெரும்பாலும் கழுத்திலிருந்து தொங்கும் தூளி ஒன்றே போதும். ஆறிய இடத்தில் ஒரு சிறு முண்டு தெரிவதும், சில மாதங்களில் அது தானாகவே கரைவதும் இயல்பு.

இங்கேதான் எங்களுக்கும் பெற்றோருக்கும் இடையே முதல் மனத்தாங்கல் தோன்றுகிறது. "எலும்பு முறிந்திருக்கிறது என்கிறீர்கள், மாவுக்கட்டுக்கூடப் போடாமல் வெறும் பட்டையைச் சுற்றி அனுப்புகிறீர்களே" என்று வருந்துவோர் பலர். அவர்களின் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் கட்டின் கனத்தை வைத்து அக்கறையை அளக்கலாகாது. பிரிட்டனின் 23 மருத்துவமனைகளில், மணிக்கட்டில் புடைப்பு முறிவு ஏற்பட்ட 4 முதல் 15 வயது வரையிலான 965 சிறுவர்களிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு சாராருக்கு மென்மையான பட்டைத் துணிக் கட்டு. மறு சாராருக்கு அசையாத கடினக் கட்டு. மூன்றாம் நாளில் இரு சாராருக்கும் வலி ஒரே அளவாகவே இருந்தது. ஆறாம் வாரத்தில் கையின் செயல்பாட்டிலும் வேறுபாடு இல்லை. இம்முடிவுகள் 2022ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியாயின. சிறிய முறிவுக்குச் சிறிய சிகிச்சை போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. தேவையற்ற கனமான கட்டு குழந்தையின் குளியலையும் உறக்கத்தையும் பள்ளிப் படிப்பையும் கெடுப்பதோடு, தனக்கே உரிய ஆபத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

எனினும், எது சிறிய முறிவு என்பதை வீட்டில் இருந்தபடி முடிவு செய்ய இயலாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே சொல்ல முடியும். அதன் கதிர்வீச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மணிக்கட்டுக்கு எடுக்கும் படத்தின் கதிர்வீச்சு, இயற்கையாகவே நம் எல்லோர் மீதும் ஒரே நாளில் படும் அளவைவிடக் குறைவு. முறிவு எலும்பின் வளர்ச்சித் தட்டைக் கடந்து செல்கிறதா, மூட்டுக்குள் நுழைகிறதா, முழங்கையை ஒட்டியதா என்பவற்றைப் பொறுத்தே சிகிச்சை மாறும். முழங்கைக்கு மேலே ஏற்படும் முறிவைப் பெற்றோர் ஒருபோதும் சிறியதாக எண்ணலாகாது. கைக்குச் செல்லும் முக்கிய இரத்தக் குழாயும் நரம்புகளும் அந்த இடத்தை ஒட்டியே செல்கின்றன. முழங்கை வீங்கிக் குழந்தை கையை அசைக்க மறுத்தால், அல்லது கை கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருந்தால், வாயில் உணவோ நீரோ கொடுக்காமல் உடனே அழைத்து வாருங்கள். மயக்க மருந்து கொடுக்க நேரிடலாம். முறிந்த இடத்தின் மேல் சிறு புண் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. எலும்பின் முனை தோலைக் குத்தி வெளிவந்து மீண்டும் உள்ளே சென்றிருக்கக் கூடும்.

மணிக்கட்டு முறிவில் எலும்பு சற்றே வளைந்திருந்தும் நாங்கள் அதை நிமிர்த்தாமல் விடுவதுண்டு. "கோணலாகவே விட்டுவிட்டார்கள்" என்று அதனைக் கவலையுடன் காண்போர் இருக்கிறார்கள். முன்கை எலும்பு நீளும் வளர்ச்சியின் பெரும்பகுதி மணிக்கட்டின் அருகிலேயே நிகழ்கிறது. ஆகவே வளரும் ஆண்டுகள் இன்னும் மிஞ்சியிருக்கும் குழந்தையிடம் அந்தச் சிறு வளைவு மெல்ல மெல்ல நேராகிவிடும். எல்லாக் கோணலும் இவ்வாறு சரியாவதில்லை. முறுக்கிக்கொண்ட எலும்பு தானாகத் திரும்புவதில்லை. முழங்கையின் கோணலும் அவ்வாறே. எதை விடலாம், எதை நிமிர்த்த வேண்டும் என்பதை வயதும் இடமும் தீர்மானிக்கின்றன. நாங்கள் விட்டுவைத்தால் அதற்கான காரணத்தைக் கேளுங்கள். சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இனி, அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் இங்கே வேண்டா. விளையாடும்போது விழுந்து முன்கை முறிந்தது. அன்று மாலையே கட்டுப் போடப்பட்டது. இரவு முழுவதும் குழந்தை அழுதாள். விரல் எரிகிறது என்றாள். எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று வீட்டார் எண்ணினார்கள். வலி மருந்து கொடுத்தார்கள். பாட்டி மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். விடியும்போது அழுகை நின்றது. கை ஆறத் தொடங்கிவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். உணர்ச்சி போய்விட்டதால் நின்ற அழுகை அது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் விரல்கள் மடங்கிய நிலையில் எங்களிடம் கொண்டு வந்தார்கள். எலும்பு பின்னர் மிக நன்றாகவே சேர்ந்தது. ஆனால் அந்தக் கை பழைய கையாகத் திரும்பவில்லை.

முறிந்த இடத்தைச் சுற்றி முதல் இரண்டு நாட்கள் வீக்கம் ஏறும். கட்டு விரிந்து கொடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் ஓர் அளவைக் கடந்தால் தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் நின்றுவிடும். அந்த நிலையில் தசை சில மணி நேரமே தாங்கும். அதன் பிறகு மடிந்து, சுருங்கி, விரல்களை நிரந்தரமாக மடக்கிவிடும். இறுகிய கட்டினால் தசைகளுக்கு இரத்தம் தடைபடுவதே இந்தச் சுருக்கத்துக்குக் காரணம் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் 1881ஆம் ஆண்டிலேயே எழுதினார். இன்றும் இந்த நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. இத்தனை ஆண்டுகளாக அறிந்த ஒன்றினால் இன்னும் குழந்தைகள் கையை இழப்பது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அச்சிறுமிக்குக் கட்டுப் போட்டவர் யார் என்பதை நாங்கள் வேண்டுமென்றே இங்கே சொல்லவில்லை. மூங்கில் பத்தைகளை வைத்து, முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் பூசிக் கட்டும் நாட்டுக் கட்டு இறுகலாம். மருத்துவமனையில் நாங்கள் போடும் மாவுக்கட்டும் இறுகலாம். கட்டுப் போடும் நேரத்தில் சரியாக இருந்தது, நள்ளிரவில் வீக்கம் ஏறிய பின் இறுக்கமாகிவிடும். கட்டே இல்லாத கையிலும் உள்வீக்கத்தால் இந்நிலை வருவதுண்டு. ஆகவே யாரிடம் கட்டினாலும் முதல் 48 மணி நேரக் காவல் ஒன்றே. அந்தக் காவலை மருத்துவரால் செய்ய இயலாது. குழந்தையின் அருகில் இருப்பவரே செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. அடிபட்ட உடனேயே, வீக்கம் ஏறும் முன், அந்தக் கையிலுள்ள வளையல், மோதிரம், காப்பு, மணிக்கட்டில் கட்டிய கயிறு ஆகிய அனைத்தையும் கழற்றிவிடுங்கள். சாமிக் கயிறாயிற்றே என்று தயங்க வேண்டாம். மறு கையில் கட்டிக்கொள்ளலாம். கட்டுப் போட்டபின் முதல் இரண்டு நாட்கள் கையைத் தலையணைகளின் மேல், நெஞ்சின் மட்டத்துக்குச் சற்று உயரமாக வைத்திருங்கள். பகலில் சில மணிக்கொரு முறையும், இரவில் படுக்கும் முன்பும், நடுவில் ஒரு முறையும், விடியலிலும் விரல்களைப் பாருங்கள்.

மறு கையின் விரல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே எளிய வழி. நிறம் ஒன்றாக இருக்கிறதா? தொட்டால் அதே சூடு இருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு நொடிகளுக்குள் மீண்டும் சிவக்கிறதா? ஒவ்வொரு விரலையும் தொடும்போது குழந்தை அதை உணர்கிறதா? பின்னர் மூன்று விளையாட்டுகளைச் செய்யச் சொல்லுங்கள். கட்டைவிரலை மேலே உயர்த்திக் காட்டுதல். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒரு வட்டம் செய்தல். விரல்களை விசிறி போல் விரித்தல். கைக்குச் செல்லும் மூன்று முக்கிய நரம்புகளும் வேலை செய்கின்றனவா என்று நாங்களே இம்மூன்றையும் கொண்டுதான் சோதிக்கிறோம்.

இறுதியாக, வலியைக் கவனியுங்கள். ஆறும் முறிவின் வலி, கட்டுப் போட்டு மருந்து கொடுத்தபின் நேரம் செல்லச் செல்லக் குறையும். குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வலி, மருந்து கொடுத்த சிறிது நேரத்திலேயே மீண்டும் மருந்து கேட்கும் வலி, விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தினாலே வீறிட வைக்கும் வலி, இவை முறிவின் வலிகள் அல்ல. விரல் மரத்துப் போதல், எறும்பு ஊர்வது போலிருத்தல், வெளுத்தல், நீலம் பாய்தல் ஆகியவையும் அவ்வாறே. இவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவு இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கட்டைப் பிளந்து தளர்த்துவது சில நிமிட வேலை. சுற்றியிருப்பது பட்டைத் துணியும் பத்தையுமாக இருந்தால் வரும் வழியிலேயே நீங்களே அவிழ்த்துவிடலாம். எலும்பு சற்று நகர்ந்துவிட்டால் மீண்டும் சேர்த்து வைக்கலாம். மடிந்த தசையை மீட்க வழியில்லை. வந்து பார்த்தபின் ஒன்றுமில்லை என்று தெரிந்தால், அது எங்களுக்கு மகிழ்ச்சியான செய்தியே. "இதற்காகவா வந்தீர்கள்" என்று இங்கே யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் எங்களிடம் சொல்லுங்கள்.

நாட்டுக் கட்டைப் பற்றி எங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மக்கள் அங்கே செல்வதற்குக் காரணங்கள் உண்டு. அறுவை சிகிச்சை குறித்த அச்சம், செலவு, தொலைவு, மருத்துவமனையில் யாரும் நின்று பேசாத நிலை ஆகியவை அக்காரணங்கள். குழந்தைகளின் முறிவு பெரும்பாலும் தானாகவே சேரும் இயல்புடையதாதலால், அங்கே சென்றவர் பலருக்குக் கை சரியாகியும் இருக்கிறது. ஆனால் படம் எடுக்காமல் கட்டும்போது, தானாகச் சேரும் முறிவும் தானாகச் சேராத முறிவும் ஒன்றுபோலவே தோன்றும். அதிலும் முழங்கையை எண்ணெய் விட்டு நீவி மடக்கி நிமிர்த்துவது, தசைக்குள் எலும்பு படியச் செய்து மூட்டை உறைய வைக்கக் கூடும். அங்கே சென்றுவிட்டோமே, இப்போது போனால் ஏசுவார்களே என்ற தயக்கத்தால் ஓர் இரவைக் கடத்திவிடாதீர்கள். ஏசுவதற்காக நாங்கள் இங்கே இல்லை.

ஏச்சைப் பற்றிச் சொல்லும்போது வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஏறாதே என்று சொன்னேனே, கேட்டாயா" என்று அடிபட்ட குழந்தையைக் கடிந்துகொள்வது நம் வீடுகளில் வழக்கம். அச்சத்தால் எழும் கோபமே அது என்பதை அறிவோம். ஆனால் திட்டு வாங்கிய குழந்தை, இரவில் விரல் மரத்தாலும் வாய் திறக்காமல் படுத்திருக்கும். செலவு வைத்துவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சியோடு வலியை மறைக்கும் குழந்தைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். "வலித்தால் எப்போது வேண்டுமானாலும் எழுப்பு, யாரும் உன்னைத் திட்ட மாட்டோம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் படுக்கச் செய்யுங்கள். அன்றிரவு கொடுக்கும் எந்த மருந்துக்கும் அந்தச் சொல் குறைந்ததன்று.

முதல் இரண்டு நாட்கள் கடந்தபின் அஞ்ச வேண்டியது குறைவு. மாவுக்கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்து குழைந்தால் வந்து மாற்றிக்கொள்ளுங்கள். அரிப்புக்காக அளவுகோலையோ பென்சிலையோ உள்ளே விட வேண்டாம். தோல் கீறிப் புண்ணானால் வெளியே தெரியாமல் சீழ் பிடிக்கும். கட்டிலிருந்து துர்நாற்றமோ, காய்ச்சலோ வந்தால் உடனே காட்டுங்கள். வலிக்குக் குழந்தையின் எடைக்கேற்ப நாங்கள் எழுதித்தரும் பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினைக் கொடுக்கவே கூடாது. வலி அடங்கியதும் பள்ளிக்கு அனுப்பலாம். விளையாட்டு வகுப்பை மட்டும் தவிர்க்கச் சொல்லி ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதித்தருகிறோம்.

உணவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் கொடுப்பதில் தடையில்லை. ஆனால் எலும்பை விரைந்து ஒட்டவைக்கும் தனி உணவு எதுவும் இல்லை. பால், தயிர், முட்டை, கீரை, கேழ்வரகு ஆகியவை வீட்டில் இருந்தால் போதும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேலாகச் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதனை உடல் ஏற்கச் சூரிய ஒளியால் கிடைக்கும் வைட்டமின் டியும் வேண்டும். கட்டுப் போட்ட குழந்தையை அறைக்குள் அடைத்து வைக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

கட்டைப் பிரிக்கும் நாளில் பெற்றோர் மீண்டும் திடுக்கிடுவார்கள். கை மெலிந்திருக்கும், தோல் செதிலாக உரியும், மூட்டு விறைப்பாக இருக்கும். இவை சில வாரங்களில் மாறிவிடும். குழந்தை தானாக எடுத்து, பிடித்து, எழுதி, விளையாடுவதே பெரும்பாலும் போதிய பயிற்சி. பிறர் பிடித்து வலுக்கட்டாயமாக நீட்டி மடக்க வேண்டாம். முன்கையில் ஏற்பட்ட பசுங்கொம்பு முறிவு, புது எலும்பு உறுதிப்படும் முன் மீண்டும் விழுந்தால் அதே இடத்தில் முறியக்கூடும். ஆகவே கட்டுப் பிரித்த பின்னும் சில வாரங்கள் மரம் ஏறுதலும் கபடியும் மிதிவண்டியும் வேண்டாம். எப்போது தொடங்கலாம் என்பதை மறுபரிசோதனை நாளில் சொல்வோம்.

எங்களுக்கும் ஒரு கடமை உண்டு என்று தொடக்கத்தில் சொன்னோம். கட்டுப் போட்ட எந்தக் குழந்தையும், விரல் சோதனையை ஒரு முறையாவது பெற்றோர் தம் கையாலேயே செய்து பார்க்காமல் இந்தக் கட்டடத்தை விட்டுச் செல்லக் கூடாது. எழுதிய தாள் ஒன்றும், இரவில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் கையில் இருக்க வேண்டும். நாங்கள் மறந்தால் நினைவூட்டுங்கள். "இன்றிரவு எதைக் கவனிக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கும் வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். பின்னால் வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் அதற்கு விடை சொல்ல நேரம் உண்டு.

எலும்பு தன் வேலையை அறியும், அது சேர்ந்துவிடும். விரல்களைப் பார்க்கும் வேலை நம்முடையது.